மூன்று நாடுகளில் ஒன்று: ஆரியசாலையிலிருந்து மாத்தளை வரை

சித்திரை விடுமுறைக்கு நாங்கள் திருவனந்தபுரம் ஆரியசாலை வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. அதற்குள் எட்டுப் பேர் மாடிப்படி ஏறி வந்து ஒரே விஷயத்தைக் கேட்டுவிட்டார்கள். குறைந்த சம்பளக்காரன் பிழைப்புக்கு வெளிநாடு போவதென்றால் எந்த நாட்டுக்குப் போகலாம்? எப்படிப் போவது? என்ன செலவாகும்? எட்டுப் பேருக்கும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. ஒன்பதாவது ஆள் வருமுன் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் நாடு பார்க்கப் போனது சென்ற ஆண்டு தை மாதம். என் கணவர் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு டாக்டரின் மருந்துச் சாலையில் பன்னிரண்டு வருஷம் கம்பவுண்டராக இருந்தவர். பெயர் சிவதாணு. கணவர் பெயரைச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. படிப்பவர்களுக்காக ஒரு முறை எழுதிவிட்டேன், இனி எழுதப் போவதில்லை. மாதம் இருபத்திரண்டு ரூபாய் சம்பளம். அந்த டாக்டருக்கு வயதாகிவிட்டது. சித்திரையோடு மருந்துச் சாலையை மூடிவிட்டு ஆலப்புழையில் மகன் வீட்டுக்குப் போகப் போவதாகக் கார்த்திகை மாதமே சொல்லிவிட்டார். நல்ல மனிதர், ஐந்து மாதம் முன்னால் சொன்னார். ஆனாலும் மற்ற மருந்துச் சாலைகளில் பதினான்கு ரூபாய்க்கு மேல் தரத் தயாராக யாரும் இல்லை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் காலி இடம் இல்லை.

வீட்டில் நாலு பேர். நாங்கள் இருவர், ஐந்து வயது மகள் வள்ளி, என் மாமியார். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். பதினான்கு ரூபாயில் நாலு பேர் திருவனந்தபுரத்தில் வாழலாம், வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. வள்ளியின் படிப்பு நடக்காது. அதுதான் எங்களைக் கிளப்பியது.

அப்போது எங்கள் தெருவில் மூன்று நாடுகளின் பெயர் அடிபட்டது. பர்மா, மலாய், இலங்கை. என் கணவரின் மனம் மலாயில் இருந்தது. அவருடைய மாமா மகன் சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. நாற்பத்தைந்து வெள்ளி சம்பளம் என்று எழுதியிருந்தார். ஒரு வெள்ளி நம் ஒன்றரை ரூபாய்க்குச் சற்றுக் கூட. கேட்டாலே தலை சுற்றும். ஆனால் அதே கடிதத்தின் கடைசியில், ரப்பர் விலை விழுந்த வருஷம் பாதிப் பேரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை என் கணவர் இரண்டாம் தடவை படிக்கவில்லை. நான் படித்தேன்.

பர்மாவைப் பற்றிக் கேட்க, எங்கள் தெருவில் மிளகு மண்டியில் எடை போடும் ஒருவரிடம் போனோம். ரங்கூன் அரிசி ஆலையில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவர்.

"நாலு வருசம் முன்ன வந்து கேட்டிருந்தா போவும்னு சொல்லியிருப்பேன்," என்றார். "இப்போ அங்க நம்ம ஆளக் கண்டா அவங்களுக்கு ஆகல. அவங்க சோறு, அவங்க ஊரு, கோவம் வரத்தான செய்யும்? கடைசி ஒரு வருசம் நான் ஆலைய விட்டு வெளிய எறங்கினதே இல்ல, கேட்டீரா."

பர்மா அத்தோடு போயிற்று.

நான் காலண்டர் தாளின் பின்புறம் ஒரு கோடு கிழித்து மலாய், இலங்கை என்று எழுதினேன். என் கணவர் சம்பளத்தை எழுதினார். நான் வேறொன்றை எழுதினேன். வீட்டில் ஒருவருக்கு முடியவில்லை என்று தந்தி வந்தால் எத்தனை நாளில் திரும்பி வரலாம்? மலாயிலிருந்து கப்பல் கிடைத்தால் பத்து நாள், கிடைக்காவிட்டால் இருபது. கொழும்பிலிருந்து இரண்டரை நாள். என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"எந்த நாடானாலும் செரி மக்ளே. கடைக்குப் போனா நானே வாய் தொறந்து கேட்டுப் புளி வாங்கணும். கையக் காட்டிச் சாமான் வாங்குக ஜீவிதம் எனக்கு வேண்டாம்."

"மொதல்ல எலங்கையப் பாத்துட்டு வருவோம்," என்றேன். "பக்கத்துல இருக்கு. பிடிக்கலன்னா மலாய்க்கு எழுதுங்க."

"செரி," என்றார் என் கணவர். "பாக்கலாம். ஆனா என் மனசு மலாய்தான், கேட்டியா."

டாக்டரிடம் இருபத்தொரு நாள் லீவு வாங்கினார். வள்ளியை அத்தையிடம் விட்டோம். பயணத்துக்கு எண்பது ரூபாய் ஒதுக்கினோம். நான் ஒரு காரியம் செய்தேன். அதை அப்போது அவரிடம் சொல்லவில்லை. நான் பிறந்த ஊர் பாளையங்கோட்டை. கல்யாணத்துக்கு முன் அங்கே ஆசிரியப் பயிற்சி முடித்து, இரண்டு வருஷம் பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறேன். கல்யாணப் பேச்சின்போது, எங்கள் வீட்டுப் பெண் வேலைக்குப் போக வேண்டியதில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் பெருமையாகச் சொன்னார்கள். அப்போது எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பயிற்சிச் சர்டிபிகேட்டை மடிப்புக் கலையாமல் ஒரு சேலைக்குள் வைத்துப் பெட்டியின் அடியில் போட்டேன்.

கிழக்கேகோட்டையிலிருந்து நாகர்கோவில் பஸ் காலை ஐந்தரைக்கு. "பெட்டி முகளில் வய்க்கு, வேகம் கேறு," என்று கண்டக்டர், பெட்டியை மேலே வைத்துச் சீக்கிரம் ஏறும்படி மலையாளத்தில் அவசரப்படுத்தினார். அவசரப்படுத்தியதென்னவோ ஐந்தரைக்கு, பஸ் நகர்ந்தது ஆறேகாலுக்கு. ஆளுக்கு இருபது சக்கரம், நம் திருவிதாங்கூர்க் காசு. நாற்பத்திரண்டு மைல், மூன்று மணி நேரம். ரயிலில் கொல்லம், செங்கோட்டை வழியாகவும் திருநெல்வேலி போகலாம். மலையும் குகையுமாகக் கண்ணுக்கு அழகு. ஆனால் சுற்று வழி, செலவும் கூட. அழகு பார்க்கப் போகிறவர்கள் அப்படிப் போகட்டும்.

நாகர்கோவிலில் இறங்கியதும் கையிலுள்ள சக்கரத்தையெல்லாம் பிரிட்டிஷ் ரூபாயாக மாற்றிவிடுங்கள். ஆரல்வாய்மொழி தாண்டினால் நம் சக்கரத்தை யாரும் தொடமாட்டார்கள். எல்லைச் சுங்கச் சௌக்கையில் பஸ்ஸை நிறுத்திப் புகையிலை இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் விட்டுவிட்டார்கள். திருநெல்வேலிக்கு ஐம்பது மைல், ஆளுக்குப் பதினான்கு அணா. பிற்பகல் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து கொழும்புக்கே ஒரே டிக்கெட்டாக மூன்றாம் வகுப்பில் வாங்கலாம். ஆளுக்குப் பத்து ரூபாய்க்குச் சற்று மேலே. மதுரையில் வண்டி மாறி மறுநாள் காலை பத்தரைக்கு மண்டபத்தில் இறங்கினோம்.

இங்கேதான் எங்களைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இருக்கிறது. முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் போகிறவர்களை டாக்டர் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். மூன்றாம் வகுப்புக்காரர்கள் நோய் இல்லை என்று உறுதியாகும்வரை மண்டபம் முகாமில் ஐந்து நாள் தங்கியாக வேண்டும். இருபத்தொரு நாள் லீவில் ஐந்து நாள் மணலில் போய்விடும். இதைச் சேர்த்துக் கணக்குப் போடாமல் வந்து அழுதவர்களை அங்கே பார்த்தேன்.

கண்ணைப் பார்த்தார்கள், நாடி பிடித்தார்கள், அம்மை குத்திய தழும்பைக் காட்டச் சொன்னார்கள். துணிகளை வாங்கி நீராவியில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். தோல் பெட்டியையும் பட்டுத் துணியையும் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். என் கணவர் கொழும்பு உத்தியோகஸ்தர்களைப் பார்ப்பதற்கென்று தைத்த கோட்டு முழங்கைக்குச் சுருங்கி வந்தது. அவர் அதைப் போட்டுக் காட்டினார். நான் சிரித்தேன். பிறகு அவரும் சிரித்தார். டாக்டர் கடையை மூடப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

முகாமில் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளிகள். நீளமான கொட்டகைகள், நாள் முழுவதும் ஓயாத காற்று, சோற்றில் எப்போதும் கொஞ்சம் மணல். பக்கத்துக் கொட்டகையில் பேச்சி என்று ஒரு பெண் இருந்தாள். மாத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவள். தாய் செத்ததற்கு இராமநாதபுரம் வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். தோட்டத்துக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாள். எழுதிப் படித்துக் காட்டினேன்.

"நீங்க டீச்சரம்மாவா?" என்றாள்.

"இருந்தேன். இப்ப இல்ல."

"எங்க தோட்டத்துல பள்ளிக்கொடம் பூட்டிக் கெடக்கும்மா. டீச்சரு கல்யாணம் கட்டிப் போயி ஏழு மாசமாச்சு. புள்ளைங்க கூடைய எடுத்துக்கிட்டு எங்க பின்னாலேயே மலைக்கு வந்துருதுங்க. டவுனுல இருக்குற பொம்பளப்புள்ளைங்க பள்ளிக்கொடத்துலயும் ஆளு பத்தலன்னுதான் பேச்சு."

நான் அதைக் கேட்டுக்கொண்டேன். கணவரிடம் சொல்லவில்லை. அவர் முகாம் மருந்தறையின் வாசலில் நின்று, அங்கே மருந்து கலப்பவரிடம் இலங்கைச் சம்பளம் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் பிற்பகல் வண்டியேறினோம். பாம்பன் பாலத்தில் வண்டி நடை வேகத்தில் போகிறது. இரண்டு பக்கமும் கீழே கடல்தான். தனுஷ்கோடித் துறையில் வண்டியை விட்டு நேரே கப்பலேறலாம். தலைமன்னார் இருபத்திரண்டு மைல், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எனக்கு வாந்தி வந்தது; எலுமிச்சம்பழம் கொண்டுபோவது நல்லது. தலைமன்னாரில் கொழும்பு ரயில் தயாராக நிற்கும். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கொழும்புக் கோட்டை நிலையம். பாஸ்போர்ட் எதுவும் எங்களிடம் கேட்கவில்லை. நம் ரூபாயும் அங்கே செல்லும். சில்லறைதான் வேறு, அணாவுக்குப் பதில் சதம்.

செட்டியார் தெருவில் ஒரு விடுதியில் அறை எடுத்தோம். சாப்பாட்டோடு இருவருக்கும் நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் ரூபாய். தெருவில் கேட்பதெல்லாம் தமிழ். எனக்கு அங்கேயே பாதி பயம் போய்விட்டது.

மறுநாள் காலை என் கணவர் சுருங்கிய கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, வைத்திய உத்தியோகங்களைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போனார். பதினொன்றரைக்குத் திரும்பினார். கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றாமல் பேசினார்.

"நம்ம திருவிதாங்கூர் சர்டிபிகேட் இங்க செல்லாது. இந்த ஊர்ப் பரீட்சை எழுதணும். ரெண்டு பாகம். அதுவரைக்கும் மருந்து கலக்குகது குத்தமாக்கும்." மடித்த கோட்டைக் கட்டிலில் போட்டார். "மரியாதையாத்தான் சொன்னாரு. நாற்காலி போட்டு உக்காரச் சொல்லித்தான் சொன்னாரு. பன்னெண்டு வருசம் பண்ணின வேலை ஒரு நிமிசத்துல ஒண்ணுமில்லாமப் போச்சு. ஊருக்குப் போவோம். மலாய்க்கு எழுதுகேன்."

"மலாய்ல மட்டும் செல்லுமா?"

அவருக்கும் அது தெரியாது. மாமா மகன் தோட்டத்துக் கிராணி. மருந்தைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. நாங்கள் இத்தனை மாதமாக நாட்டைப் பற்றியே பேசினோம், அங்கே போய் என்ன வேலை செய்வது என்பதைச் சரியாக விசாரிக்கவே இல்லை.

நான் பெட்டியைத் திறந்து சேலைக்குள்ளிருந்து சர்டிபிகேட்டை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். மண்டபத்தில் பேச்சி சொன்னதையும் சொன்னேன்.

அவர் அதைக் கையில் எடுக்கவில்லை. "இது எப்போ எடுத்து வச்சே?"

"பொறப்படுகதுக்கு முந்தின நாளு."

"அப்போ நான் தோப்பேன்னு அன்னைக்கே தெரியும், இல்லியா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "உங்கள நெனச்சு எடுக்கல. என்ன நெனச்சு எடுத்தேன். எனக்கும் ஒரு வேலை தெரியும். அதையும் ஒரு தடவ கேட்டுப் பாக்கணும்னு தோணிச்சு."

"நீ வேலைக்குப் போயி நான் வீட்டுல இருக்கவா?"

"நீங்க பரீட்சைக்குப் படிக்கணும். வீட்டுல இருக்கச் சொல்லி யாரு சொன்னா?"

எழுந்து வெளியே போய்விட்டார். சாப்பாட்டு மணி அடித்து, இலை போட்டு, எல்லாரும் சாப்பிட்டு முடித்தும் வரவில்லை. புது ஊர், எந்தப் பக்கம் போனாரென்று தெரியாது. அந்த நாலு மணி நேரம் நான் அறை ஜன்னலை விட்டு நகரவில்லை. ஆறு வருஷமாக ஒரு சொல் கூடக் கடுமையாகப் பேசாத மனிதர். அவருக்குத் தெரியாமலே அவரைத் தோற்கடித்துவிட்டேனோ என்று நினைத்தேன். சர்டிபிகேட்டை மறுபடி மடித்து உள்ளே வைத்துவிடலாமா என்றும் நினைத்தேன். வைக்கவில்லை.

நாலரை மணிக்கு வந்தார். செருப்பெல்லாம் கடல் மணல். கடற்கரைத் திடலில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு, "மாத்தளை வண்டி காலம்பற ஏழு அம்பதுக்காக்கும். கண்டியில எறங்கி மாறணும். ஸ்டேஷன்ல கேட்டுட்டுத்தான் வந்தேன்," என்றார்.

கொழும்பிலிருந்து மாத்தளை தொண்ணூற்றிரண்டு மைல். முதல் பாதி தென்னையும் வயலும், நம் நெய்யாற்றின்கரைப் பக்கம் போவதுபோலவே இருக்கும். பிறகு மலை ஏறத் தொடங்கும். வலப்பக்கம் உட்காருங்கள், பள்ளத்தாக்கு தெரியும். பிற்பகல் ஒரு மணிக்கு இறங்கினோம். சிறிய ஊர், ஒரே நீளக் கடைத்தெரு, சுற்றிலும் மலை. கொக்கோவும் மிளகும் காயும் வாசனை. மிளகு வாசனை ஆரியசாலைக்காரர்களுக்குச் சொந்த வாசனை என்பதால் இருவரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தோம்.

பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை செல்லம்மா யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சேலை. சர்டிபிகேட்டை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் முத்திரையைப் பார்த்தார்.

"மதராஸ் சர்க்கார்ச் சர்டிபிகேட். இதுக்கு இங்கை மதிப்பிருக்கு," என்றார். "எத்தனை வருசம் படிப்பிச்சனீங்கள்?"

"ரெண்டு வருஷம். பிறகு கல்யாணம்."

"இப்ப ஏன் வேலைக்கு வாறியள்?"

என் கணவர் பக்கத்தில் நிற்கிறார். நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: "எனக்கு இங்க பரீட்சை எழுதணும். அதுவரைக்கும் இவதான் குடும்பத்தப் பாக்கணும்."

தலைமையாசிரியை அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "தேவைக்கு வாற ஆக்கள் நிண்டு பிடிப்பினம். நாளைக்குக் காலமை மூண்டாம் வகுப்புக்கு ஒரு பாடம் எடுங்கோ. பாத்திட்டுச் சொல்லுறன்."

மறுநாள் முப்பத்தொரு பிள்ளைகள். பின் பெஞ்சில் தலைமையாசிரியை. ஆறு வருஷத்துக்குப் பிறகு சாக்கட்டியைக் கையில் எடுக்கிறேன். அளவைக் கணக்கு எடுத்தேன். பாளையங்கோட்டையில் நடத்தியதுபோலவே, ஒரு படிக்கு எத்தனை உழக்கு என்று தொடங்கினேன். பிள்ளைகள் விழித்தார்கள். ஒரு பெண் எழுந்து, "டீச்சர், உழக்கு எண்டால் என்ன?" என்றாள்.

அந்த ஊரில் என்ன அளவை என்று நான் விசாரிக்கவே இல்லை. பின்னால் தலைமையாசிரியை எதையோ குறித்துக்கொண்டார்.

"எங்க ஊர்ல அரிசி அளக்குறது," என்றேன். "உங்க வீட்டுல எதால அளப்பாங்க?"

"கொத்தாலை," என்று ஐந்தாறு குரல்.

"எனக்குக் கொத்து தெரியாது. சொல்லித் தாங்க."

அதன் பிறகு பாடம் என் கையில் இல்லை. பெரிய அளவையான புசல் ஒன்றுக்கு எத்தனை கொத்து, அரைக் கொத்துக்கு எத்தனை கை என்று அவர்கள் சொல்லச் சொல்ல நான் பலகையில் எழுதினேன். தப்பாக எழுதியபோது திருத்தினார்கள். கடைசிக் கால் மணியில் அதே கொத்தை வைத்து நான் அவர்களுக்குக் கணக்குப் போட்டேன். மணி அடித்ததும் தலைமையாசிரியை வெளியே வந்தார்.

"அடுத்த மாசம் முதலாந்தேதி வர ஏலுமோ?" என்றார்.

மாதம் நாற்பது ரூபாய். பள்ளிக்குப் பின்னால் இரண்டு அறையும் சமையற்கட்டும் உள்ள வீடு, வாடகை இல்லை. என் கணவருக்குக் கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையில் பதினைந்து ரூபாய்க்கு இடம் கிடைத்தது. மருந்து கலக்கக் கூடாது, புட்டியை எடுத்துக் கொடுக்கலாம். பன்னிரண்டு வருஷம் மருந்து கலந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கடைக்காரரிடம் பரீட்சைப் புத்தகங்கள் இருந்தன. அதைப் பார்த்ததும் இவர் முகம் மாறியதைக் கண்டேன்.

ஊரை விடுமுன் அத்தைக்காகக் கடைத்தெரு முனையில் ஒரு சிங்களக்காரர் கடையில் நுழைந்து, புளி என்ன விலை என்று தமிழில் கேட்டேன். "நல்ல புளி நோனா, எடுத்துப் பாருங்க," என்று தமிழிலேயே பதில் வந்தது; 'நோனா' மட்டும் சிங்களம், அம்மா என்று பொருள். ஒரு ராத்தல் வாங்கிப் பொட்டலத்தோடு ஆரியசாலைக்குக் கொண்டுவந்தேன். அத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "கொள்ளாம். ஆனா வெதை கூடுதலு," என்றார். அவருடைய சம்மதம் அப்படித்தான் கிடைத்தது. திரும்பும்போது மண்டபத்தில் தங்க வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து ஆரியசாலை வாசலுக்குச் சரியாக இரண்டரை நாள்.

மாசி பிறந்து சில நாளில் மூவரும் போனோம், அத்தை ஆடியில் வந்தார். முதல் மாதங்கள் லேசாக இல்லை. மழைக்காலத்தில் துணி காயாது. பள்ளிப் பாதையில் அட்டைப்பூச்சி காலில் ஏறும். மருந்துக் கடையில் என் கணவரைவிடப் பத்து வயது சிறியவன் அவரைப் பெயர் சொல்லி ஏவுவான். மலாய்க்கார மாமா மகன், நீ செய்தது முட்டாள்தனம் என்று எழுதினார். அந்தக் கடிதத்துக்கு இவர் இன்னும் பதில் போடவில்லை. முதல் பரீட்சையில் தேறவில்லை. ஒரு வாரம் கழித்து அதே புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். இந்தப் பங்குனியில் முதல் பாகம் தேறிவிட்டார். இரண்டாம் பாகம் ஐப்பசியில். வள்ளி ஒன்றாம் வகுப்பு. வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ் பேசி அத்தையைக் குழப்புகிறாள்.

கேட்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த நாடு நல்லது என்று கேட்காதீர்கள். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. உங்கள் வீட்டில் யார் யாருக்கு என்னென்ன வேலை தெரியும், அது எங்கே செல்லும் என்று கேளுங்கள். வீட்டுப் பெண்களையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் சர்க்கார் கொடுத்த சர்டிபிகேட் அங்கே செல்லுமா என்பதைக் கிளம்புமுன் கடிதம் போட்டு விசாரியுங்கள். ஒரு தபால்தலையில் முடிகிற காரியத்துக்கு நாங்கள் கடல் தாண்டினோம். சம்பளத்தை மட்டும் கேட்காமல், அந்த ஊரில் அரிசி, விறகு, வாடகை என்ன விலை என்று ஒரு பெண்ணிடம் கேளுங்கள். முடிந்தால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மண்டபத்து ஐந்து நாளை மறக்காதீர்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இலங்கையிலும், வெளியிலிருந்து வந்தவர்களுக்கு வேலை எதற்கு என்ற பேச்சு பத்திரிகைகளில் வருகிறது. சொந்த ஊர்க்காரர்கள் வேலையில்லாமல் இருக்கும்போது அப்படிக் கேட்பது எனக்குப் புரிகிறது. அந்தக் கதவு எத்தனை வருஷம் திறந்திருக்கும் என்று நான் சொல்ல முடியாது. இப்போது திறந்திருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் முப்பத்தொரு பிள்ளைகள் நான் வருவதற்காக எழுந்து நிற்கிறார்கள். நாளையைப் பற்றி முன்போலப் பயமில்லை.

இதுவரை எழுதியதை என் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். மாடி ஜன்னலருகே உட்கார்ந்து கடைசிவரை படித்தார். தாம் கோபித்துக்கொண்டு போனதை எழுதியிருந்த பக்கத்தையும் அப்படியே விட்டுவிட்டார். தலைப்புக்குக் கீழே, 'நாங்கள் தேர்ந்தெடுத்த நாடு' என்று சிறிய எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். அதன்மேல் விரலை வைத்தார்.

"இது செரியில்ல," என்றார். "நீ தேர்ந்தெடுத்த நாடுன்னு எழுது."

பேனாவையும் எடுத்து நீட்டினார். "நாட்ட யாரு தேர்ந்தெடுத்தா? வேலைதான நம்மளக் கூட்டிட்டுப் போச்சு," என்று நான் வாங்கி, அந்த வரியை முழுவதும் அடித்துவிட்டேன்.